மாமா திருப்பிக் கொடுத்த கசெட்

அன்பு மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், "டாக் டாக் என்று ஒரு பழைய இங்கிலீஷ் பாட்டுக் குழு அம்மா, ஸ்பிரிட் ஆஃப் ஈடன் என்று ஒரு இசைத்தட்டு, அதில் திடீரென்று ஆளே மாறிவிட்டார்கள், கேட்டுப் பாருங்கோ" என்றாய். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அது வெளிவந்த கிழமையே நம் வீட்டுக்குள் வந்தது. வந்த வேகத்திலேயே கடைக்குத் திரும்பியும் போனது. நீ பிறக்க இன்னும் ஆறு வருடம் இருந்தது.

1984இல் நானும் உன் சின்ன மாமாவும் லண்டன் ஈஸ்ட்ஹாமில் பெரியம்மா வீட்டு மாடியில் இருந்தோம். மாமாவுக்குப் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. அங்கே விடிய விடிய வானொலி பாடும். டாக் டாக்கின் 'இட்ஸ் மை லைஃப்' பாட்டை அங்கேதான் பிடித்துக்கொண்டார். அது அந்த வருடம் இங்கிலாந்தில் 46ஆம் இடத்தைத் தாண்டவில்லை. ஐரோப்பாவில்தான் அவர்களுக்கு மவுசு. ஊர் கவனிக்காததைத் தான் கண்டுகொண்டதில் மாமாவுக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

1982இல் அவர்களைப் பலரும் டியூரன் டியூரன் என்ற பிரபலமான குழுவின் நகல் என்றே நினைத்தார்கள். இரண்டு குழுவுக்கும் ஒரே இசைத்தட்டு நிறுவனம் இ.எம்.ஐ., ஒரே தயாரிப்பாளர் காலின் தர்ஸ்டன். போதாக்குறைக்குப் பெயரும் இரட்டைச் சொல். டியூரன் டியூரனுக்கு முன்னால் மேடையேறிச் சுற்றுப்பயணமும் போனார்கள். முதல் இசைத்தட்டு சின்தசைசர் என்ற மின்னிசைக் கருவியின் சத்தந்தான், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஆனால் பாடகர் மார்க் ஹாலிஸ் அப்போதே முரண்டுக்காரர். 'இட்ஸ் மை லைஃப்' வீடியோவில் வாயசைக்க மாட்டேன் என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பார். வாய்க்கு மேல் கோடுகள் வரைந்து மறைத்திருப்பார்கள். வீடியோவில் மற்றதெல்லாம் மிருகங்களின் காட்சிகள். நிறுவனம் வேறொன்று எடுக்கச் சொன்னதும், வேண்டுமென்றே கோமாளித்தனமாக வாயசைத்துக் கொடுத்தார்.

1984 இசைத்தட்டிலிருந்து டிம் ஃபிரீஸ்-கிரீன் தயாரிப்பாளராகச் சேர்ந்தார். ஹாலிஸுடன் உட்கார்ந்து பாட்டு எழுதியவரும் அவர்தான். 1986இல் 'த கலர் ஆஃப் ஸ்பிரிங்'. சின்தசைசர் பின்னால் போய், பியானோவும் ஓர்கனும் முன்னால் வந்தன. ஸ்டீவ் வின்வுட் வந்து ஓர்கன் வாசித்தார். குழந்தைகளின் சேர்ந்திசையும் உண்டு. நன்றாக விற்றது. கோபிக்காதே, எனக்கு இன்றைக்கும் இதுதான் பிடித்தது. நீங்கள் எல்லோரும் பின்னால் வந்த இரண்டையும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறீர்கள். ஆனால் பாட்டு பாட்டாகவும் இருந்து, நடுவே மூச்சுவிட இடமும் இருப்பது இதில்தான்.

அந்த விற்பனையால் இ.எம்.ஐ. அடுத்ததான 'ஸ்பிரிட் ஆஃப் ஈட'னுக்குப் பணத்தைக் கொடுத்து அவர்கள் போக்கில் விட்டுவிட்டது. 1987இல் லண்டன் ஹைபரியில், பழைய தேவாலயக் கட்டடத்தில் இருந்த வெசெக்ஸ் ஸ்டூடியோவுக்குள் போனவர்கள், வெளியே வர ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. ஒலிப்பதிவாளர் ஃபில் பிரவுன். அறை இருட்டு. வெளிச்சம் என்றால் சுவரில் நெளியும் எண்ணெய்ப் புரொஜெக்டர் படங்களும், விட்டுவிட்டு மின்னும் ஸ்ட்ரோப் விளக்குந்தான். நைஜல் கென்னடி வயலினோடும், டேனி தாம்சன் டபுள் பாஸோடும் வந்தார்கள். வந்தவர்களை மனம்போன போக்கில் வாசிக்கவிட்டு, அதில் பெரும்பாலானதை எறிந்துவிட்டு, பிடித்த சில துணுக்குகளை மட்டும் எடுத்துக் கோத்தார்கள். வாசித்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

1988இல் மாமா அந்தக் கசெட்டை வாங்கி வந்து போட்டார். சத்தத்தைக் காணோம். எங்கேயோ தூரத்தில் ஒரு டிரம்பெட் முனகுகிறது, அவ்வளவுதான். இரண்டு நிமிடம் பொறுத்தார். நாடா பழுது என்று முடிவுகட்டி, சப்பாத்தை மாட்டிக்கொண்டு கடைக்கு நடந்தார். கடைக்காரர் தன் மெஷினில் போட்டு, சத்தத்தைக் கூட்டி, டிரம்ஸ் வரும்வரை பேசாமல் நின்றாராம். "பழுதில்லை, இப்படித்தான்" என்றாராம். மாமா வேறு கசெட்டாக மாற்றிக்கொண்டு வந்தார். எதை என்று அவரிடம் கேட்காதே, வெட்கப்படுவார்.

குழுவுக்கும் நிறுவனத்துக்கும் ஒப்பந்த வழக்கு வந்தது. மேல்முறையீட்டில் குழு வென்று வெளியேறியது. இ.எம்.ஐ. 1990இல் போட்ட பழைய பாட்டுத் தொகுப்பு அமோகமாக விற்றது. அந்த ருசியில் அடுத்த வருடம் நிறுவனம் குழுவிடம் அனுமதி கேட்காமலே அவற்றை ரீமிக்ஸ் செய்து வெளியிட்டது. அதற்கும் வழக்கு, அதிலும் குழுவுக்கே வெற்றி. அதே 1991இல் 'லாஃபிங் ஸ்டாக்' வந்தது, அதோடு குழுவும் முடிந்தது. ஹாலிஸ் 1998இல் தனியாக ஒன்று வெளியிட்டார், அப்புறம் வீட்டோடு இருந்துவிட்டார். ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டு நல்ல அப்பாவாகவும் இருக்கத் தன்னால் முடியாது என்றார். 2019இல், 64 வயதில் போய்விட்டார்.

அவர்கள் திடீரென்று மாறினார்கள் என்றாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு தடவையும் எதையாவது எடுத்துவிட்டுக்கொண்டே வந்தார்கள். வாய்மூடி நின்ற அந்த வீடியோவிலேயே அது தொடங்கிவிட்டது.

இன்னொன்று. 1994இல் பழைய சாமான் கடையில் அதே கசெட்டை 50 பென்ஸுக்கு வாங்கினேன், மாமாவைச் சீண்டத்தான். அப்போது நீ மூன்று மாதப் பிள்ளை, இரவில் கண் மூடமாட்டாய். தாலாட்டுப் பாடினால் இன்னும் வீரிட்டு அழுவாய். ஒருநாள் இரண்டு மணிக்கு இதைப் போட்டேன். அந்த டிரம்பெட் வரும்போதே அழுகை நின்றுவிடும். டிரம்ஸ் தொடங்கும்போது தூங்கியிருப்பாய். ஆகவே இரண்டாம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு வெகுகாலம் தெரியாது.

கசெட் இன்னும் அலுமாரிக்குள் கிடக்கிறது. நத்தாருக்கு வரும்போது எடுத்துத் தருகிறேன். போட்டுக் கேட்க மெஷின்தான் இல்லை.

அன்புடன்,
அம்மா