17 கைகளால் முடிவான கண்மாய் வேலை

எங்கள் கண்மாய்ப் பாசனச் சங்கத் தலைவருக்கும் ஆயக்கட்டு விவசாயிகள் அனைவருக்கும் வணக்கம்.

மேலூர்ப் பக்கம் கடைமடையில் நிலம் வைத்திருப்பவன் நான். இருக்கிற பணத்தில் முதலில் எந்த வேலை என்று போன கூட்டத்தில் கை தூக்கச் சொன்னீர்கள். மடை மராமத்துக்கு 17 பேர், வரத்துக்கால்வாய் தூர்வார 14 பேர், சீமைக்கருவேலம் அகற்ற 12 பேர். மடை என்று தீர்மானம் எழுதிவிட்டோம்.

அது நம் 43 பேரின் முடிவு அல்ல. பிறகு எல்லோரிடமும் கேட்டுப் பார்த்தேன். மற்ற 26 பேருக்கும் மடைதான் கடைசி. வரத்தே இல்லாத கண்மாய்க்குப் புது மடை எதற்கு என்கிறார்கள். நானும் அதையேதான் கேட்கிறேன். மடைக்கும் கருவேலத்துக்கும் கை தூக்கியவர்களின் இரண்டாவது விருப்பமோ கால்வாய். இரண்டிரண்டாக ஒப்பிட்டிருந்தால் கால்வாய் மடையை 26க்கு 17 என்றும், கருவேலத்தை 31க்கு 12 என்றும் வென்றிருக்கும்.

பிரான்சில் போர்டா என்ற கணித அறிஞர் 1770இலேயே இந்தக் கோளாறைக் கண்டு, விருப்ப வரிசைக்கு மதிப்பெண் போடச் சொன்னார். முதலுக்கு 2, அடுத்ததற்கு 1 என்று போட்டால் கால்வாய் 57, கருவேலம் 38, மடை 34. ஆனால் கருவேலத்துக்காக அந்த 12 பேரும் வேண்டுமென்றே கால்வாயைக் கடைசியில் தள்ளினால்? கால்வாய் 45, மடை 46. அவர்களுக்கே பிடிக்காத மடை வந்துவிடும்.

மூன்று தேர்வுகள் இருந்து, குலுக்கலும் ஒருவரின் தனி அதிகாரமும் இல்லையென்றால், பொய் வரிசை எழுதி ஆதாயம் பெற எந்த விதியிலும் வழி உண்டு என்று அமெரிக்க ஆய்வாளர்கள் கிப்பார்டு 1973இலும் சாட்டர்த்வைட் 1975இலும் நிறுவினார்கள். நான் கேட்பது, பிரெஞ்சு அறிஞர் கோண்டோர்சே 1785இல் எழுதிய இரண்டிரண்டு ஒப்பீடு. அதுவும் இதற்கு விலக்கல்ல. அதே பொய்யை அங்கே எழுதினால் மடை கால்வாயை, கால்வாய் கருவேலத்தை, கருவேலம் மடையை என்று வட்டமாகிவிடும். அப்போது மிகக் குறைந்த வித்தியாசத்தில் வந்த வெற்றியை விட்டுவிடுவோம் என்று சீட்டைப் பிரிக்கும் முன்பே எழுதிவைப்போம். பிரித்த பிறகு எழுதும் விதியை யாரும் நம்பமாட்டார்கள். 10 வேலைகள் என்றால் 45 ஒப்பீடுகள். நமக்கு மூன்றுதான், திண்ணையில் உட்கார்ந்தே எண்ணிவிடலாம்.

மடைக்கு இன்னும் ஆள் விடவில்லை. பெரியாறு கால்வாயில் தண்ணீர் திறப்பதற்குள் மறுபடி கூட்டுங்கள். கை தூக்க வேண்டாம், விருப்ப வரிசையைச் சீட்டில் குறிப்போம். பங்காளி பார்க்கிறாரே என்று கையை இறக்கியவர்கள் நம்மில் உண்டு. படிக்கத் தெரியாதவர்களுக்காக மூன்று வேலைகளையும் படமாக வரைந்து 43 சீட்டுகளை நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவன்