சின்னம் மாறியது, வழிகாட்டிப் பலகைகள் எப்போது மாறும்?

மதிப்பிற்குரிய மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நகரத்துக்குப் புதிய சின்னம் வெளியிட்டீர்கள். நன்றாகவே இருக்கிறது, அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் அலுவலக முகப்பிலும் வண்டிகளிலும் அதை ஒட்டியதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தீர்கள் என்றால், வழி தெரியாமல் தெருவில் நிற்கிறவர்களை நீங்கள் பார்க்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன வாரம் பேருந்து நிலைய வாசலில் வயதான அம்மா ஒருவர், கையில் மருந்துச் சீட்டோடு, என்னிடம் மருத்துவமனைக்கு வழி கேட்டார். அவருக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். பலகையைப் பார்த்து நடந்து போய்விட்டுத்தான் திரும்பி வந்திருந்தார். வாசலில் இருக்கும் நீலப் பலகையில் 'தலைமை மருத்துவமனை'. அடுத்த சந்திப்பில் பச்சைப் பலகை, அதில் 'பொது மருத்துவமனை'. இரண்டும் ஒரே இடம் என்று வெளியூர்க்காரருக்கு எப்படித் தெரியும்? சரி, குழம்பினாலும் துணிந்து நடந்தால், சாலை மூன்றாகப் பிரிகிற இடத்தில், எந்தப் பக்கம் போவது என்று முடிவெடுக்க வேண்டிய அதே இடத்தில், பலகையே கிடையாது. புறநோயாளிகளைப் பார்க்கும் நேரம் முடிந்துவிடுமே என்ற பதற்றத்தில் அவருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

இதற்குக் காரணம் பணப் பற்றாக்குறை இல்லை. ஒவ்வொரு துறையும் தனக்குத் தோன்றிய நிறத்தில், தனக்குத் தோன்றிய பெயரில் பலகையை நட்டுவிட்டுப் போய்விடுகிறது, அப்புறம் அதைத் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. லண்டனிலும் இதே நிலைதான் இருந்தது: நகர மையத்தில் மட்டும் நடப்பவர்களுக்கான 32 வகை வழிகாட்டி முறைகள் இருந்ததாகக் கணக்கெடுத்தார்கள். அதன்பின் 2007இல் பாண்ட் ஸ்ட்ரீட் பகுதியில் ஒரே மாதிரியான பலகைகளைச் சோதனையாக வைத்துப் பார்த்துத்தான் மற்ற இடங்களுக்குக் கொண்டுபோனார்கள். பார்ப்பவர் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறாரோ அந்தத் திசை மேலே இருக்கும்படி வரைபடத்தைத் திருப்பி வைத்து, ஐந்து நிமிட நடையில் எதையெல்லாம் அடையலாம் என்று வட்டமும் போட்டுக் காட்டினார்கள். நியூயார்க் சுரங்க ரயிலுக்கு 1970இலேயே எழுத்து, நிறம், அம்பு எல்லாவற்றுக்கும் ஒரு கையேடு வந்துவிட்டது.

நாங்கள் கேட்பதும் அதுதான். ஒரே கையேடு, அதற்கு ஒரே பொறுப்பாளர்.

சொல்ல இன்னும் நிறைய இருக்கிறது. அழகு என்று நினைத்து மெல்லிய எழுத்தில் எழுதுகிறீர்கள், பத்தடி தள்ளி நின்றால் மெய்யெழுத்தின் புள்ளியே தெரிவதில்லை. பலகையில் பாதியை விளம்பரதாரர் பெயர் பிடித்துக்கொள்கிறது. வாழ்த்துச் சுவரொட்டி ஒட்டினால் மாதக்கணக்கில் யாரும் கிழிப்பதில்லை. சின்னத்துக்கு விழா எடுக்க முடிந்த நிர்வாகத்தால் ஒரு அம்புக்குறியைச் சரியான இடத்தில் வைக்க முடியவில்லை என்பது கோபத்தைவிட வருத்தத்தையே அதிகம் தருகிறது.

கோபத்தில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கோரிக்கையை மட்டும் விட்டுவிடாதீர்கள். எல்லாத் துறைப் பலகைகளுக்கும் ஒரே கையேடு, அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே அதிகாரி. முதல் வேலையாகப் பேருந்து நிலையத்திலிருந்து மருத்துவமனை வரை ஒரு பெயர், ஒரு நிறம், ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பலகை என்று வைத்துக் காட்டுங்கள். அந்த அதிகாரி யார் என்பதை அடுத்த மன்றக் கூட்டத்திலேயே அறிவிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

இந்நகரில் தினமும் நடந்து போகும் ஒருவர்