மருமகன் காது இப்ப பரவால்ல

டேய் மாப்ள,

உன் மெசேஜ முந்தாநேத்து கடைய பூட்டிட்டு வந்து படுத்தப்பறம்தான் பாத்தேன், எந்திரிச்சு உக்காந்து ரெண்டு தடவ படிச்சேன். உங்க பக்கத்து வீட்டுப் பையன வண்டி செக்கிங்ல புடிச்சு ஸ்டேஷன்ல வெச்சு அடிச்சிருக்காங்க, உன் தங்கச்சி மகனுக்கு நடந்தப்ப நீ எங்கடா கம்ப்ளைண்ட் குடுத்தன்னு கேட்டிருந்த. போன்ல சொன்னா பாதி விட்டுப்போகும், அதான் எழுதுறேன். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கு, ஆனா உன் பொண்ணு பிளஸ் டூ மார்க்க கேட்டதுல இருந்து தெருவுல ஒருத்தர் விடாம சொல்லிட்டு இருக்காங்க.

உனக்கு மருமகன் கதை முழுசா தெரியாதுடா. போன ஆடியில வேலை முடிஞ்சு வந்தவன நிறுத்தி ஆர்.சி. கேட்டிருக்காங்க, இவன் டிஜிலாக்கர்ல இருக்கு சார்னு போன நீட்டியிருக்கான், போன வாங்கி வெச்சுக்கிட்டாங்க. சார் போன குடுங்கன்னு கேட்டான், அவ்ளோதான், காதோட சேத்து ஒரே அறை. அப்புறம் ஸ்டேஷன்ல விடியக்காலம் மூணரை மணி வரைக்கும். கேஸும் இல்ல ஒண்ணும் இல்ல, வெள்ளப் பேப்பர்ல ஒரு கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிட்டாங்க.

காலையில கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனோம். டியூட்டி டாக்டர் என்னாச்சுன்னு கேட்டதும் தங்கச்சி பட்டுனு "வண்டியில இருந்து விழுந்துட்டான் சார்"னு சொல்லிட்டா. அவ முந்தானைய வாயில வெச்சுக்கிட்டு நிக்கிறா, பையன் தரைய பாக்குறான், டாக்டர் எழுத ஆரம்பிச்சிட்டார். நான் குறுக்க புகுந்து இல்ல டாக்டர், போலீஸ் அடிச்சதுன்னு சொன்னேன். அவரு பேனாவ நிறுத்திட்டு பையன பாத்து நீ சொல்லுப்பான்னாரு. ஆமா சார்னு ஒரு வார்த்தைதான் சொன்னான், அதுவும் பாதி தொண்டையிலயே நின்னுச்சு. அவரு ஏ.ஆர்.ல, அதான் அடிபட்டு வர்றவங்க விவரத்த பதியிற ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர்ல, அப்படியே எழுதினாரு, காது சவ்வு கிழிஞ்சதையும் தொடையில இருந்த தடிப்பையும் எந்தப் பக்கம் எவ்ளோ நீளம்னு அளந்து எழுதினாரு. அந்த ஒரு பக்கம்தான்டா இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குத் துணை. விழுந்துட்டான்னே எழுதியிருந்தா அப்பவே எல்லாம் முடிஞ்சிருக்கும்.

அன்னைக்கு ராத்திரியே அவன உக்கார வெச்சு நடந்தத எழுத வெச்சேன். எத்தன மணி, யாரு அடிச்சது, சட்டையில என்ன பேரு இருந்துச்சு, தோள்ல எத்தன ஸ்டாரு, எந்த ரூம்ல வெச்சாங்க, எல்லாம். நடுவுல ஒரு வயசான ஏட்டு தண்ணி குடுத்தாராம், அதையும் எழுத சொன்னேன், நடந்தது நடந்தபடி இருந்தாத்தான் படிக்கிறவங்க நம்புவாங்க. எழுதும்போதுதான் அவனுக்கே ஞாபகம் வந்துச்சு, தலைக்கு மேல ஒரு கேமரா இருந்துச்சு மாமான்னான்.

எனக்கு உடனே சாத்தான்குளம்தான் ஞாபகம் வந்துச்சு. 2020 ஜூன்ல ஜெயராஜ், பென்னிக்ஸ்னு அப்பாவும் புள்ளையும் செத்தாங்களே, அப்ப மாஜிஸ்ட்ரேட் ஸ்டேஷனுக்கே போயி பாத்தா கேமரா பதிவு அன்னன்னைக்கே தானா அழியிற மாதிரி செட் பண்ணி வெச்சிருந்தாங்க. உள்ள வேலை பாத்த ரேவதிங்கிற ஏட்டு தைரியமா சாட்சி சொன்னதாலதான் பல விஷயம் வெளியவே வந்துச்சு. அந்த வருஷம் டிசம்பர்லயே சுப்ரீம் கோர்ட் எல்லா ஸ்டேஷன்லயும் கேமரா வெக்கணும், பதிவ 18 மாசம் வெச்சிருக்கணும், முடியலன்னா ஒரு வருஷமாவது வெச்சிருக்கணும்னு சொல்லிடுச்சு. அதனால நான் போட்ட முதல் கடுதாசியே கேமரா பதிவ அழிக்காம எடுத்து வைங்கன்னு எஸ்.பி.க்குத்தான். தேதி, எத்தன மணியில இருந்து எத்தன மணி வரைக்கும்னு எல்லாம் போட்டேன். நீயும் அத முதல்ல செய்.

ஸ்டேஷன்ல போயி குடுத்தா எடுக்க மாட்டாங்க, எங்களையும் உக்கார வெச்சு சமாதானம்தான் பேசினாங்க. சி.எஸ்.ஆர்.னு புகார வாங்கிக்கிட்டதுக்கு ஒரு ரசீது இருக்கு, அத கேளு, தரலன்னா விஷயத்த எழுதி போஸ்ட்ல எஸ்.பி.க்கு அனுப்பு, பி.என்.எஸ்.எஸ்.ங்கிற புது குற்ற நடைமுறைச் சட்டத்துல 173(4)ல அதுக்கு வழி இருக்கு. போலீஸ் மேல புகார் வாங்குறதுக்குன்னே தனி ஆணையம் வேணும்னு 2006லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, ஆனா நம்ம ஊர்ல 2013ல போட்ட சட்டத்துல மாவட்டத்துக்குத் தலைவரா கலெக்டரையும் உறுப்பினரா அதே எஸ்.பி.யையும் வெச்சாங்க. யாரு மேல புகாரோ அவங்களோட மேலதிகாரியே உக்காந்து விசாரிச்சா ஜனங்க எப்படிடா நம்பிப் போவாங்க, எனக்கு அது இன்னைக்கும் ஆறல.

அதான் மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எழுதினேன். தமிழ்லயே எழுதலாம், பீஸ் கிடையாது, வக்கீல் வெச்சுத்தான் ஆகணும்னும் இல்ல. நடந்து ஒரு வருஷத்துக்குள்ள குடுத்துடணும். தேசிய ஆணையத்துக்கும் சேத்து அனுப்பாத, ஒரு இடத்துல நிலுவையில இருந்தா இன்னொரு இடத்துல எடுத்துக்க மாட்டாங்க. ஆணையம் சொல்றது வெறும் யோசனை இல்ல, அரசு நிறைவேத்தியே ஆகணும்னு 2021ல சென்னை ஹைகோர்ட்ல மூணு நீதிபதிங்க சேந்து தீர்ப்பு சொல்லியிருக்காங்க, அந்த தைரியத்துலதான் போனேன்.

நடுவுல தெரிஞ்சவர் ஒருத்தர் வீட்டுக்கே வந்தாரு, தம்பி வாழ்க்கைய பாருங்க, நாளைக்கு பாஸ்போர்ட் வெரிபிகேஷனுக்கு அவங்ககிட்டதான் போகணும்னாரு. தங்கச்சி ஒரு வாரம் சரியா சாப்பிடல. எனக்கும் பயம் இல்லாம இல்லடா, இதே ஊர்லதான கடை வெச்சிருக்கேன். மருமகன்தான் சொன்னான், மாமா எனக்கு காசெல்லாம் வேணாம், அவரு என்னைய அடிச்சாருன்னு எங்கயாச்சும் எழுதியிருக்கணும்னு. அதுக்கப்பறம் தங்கச்சி வாயே தெறக்கல, விசாரணைக்கு சென்னை போறப்ப அவளே புளிச்சோறு கட்டிக் குடுத்தா. ரெண்டு வாய்தா முடிஞ்சிருச்சு, அடுத்தது வர்ற மாசம். காது இப்ப பரவால்ல, சத்தமா பேசினா மட்டும் வலிக்குதுங்குறான்.

உங்க பக்கத்து வீட்டுப் பையன் அன்னைக்குப் போட்டிருந்த சட்டை பேண்ட்ட துவைக்க வேணாம்னு அவங்க அம்மாகிட்ட இப்பவே போயி சொல்லு, பேப்பர் கவர்ல போட்டு எடுத்து வைக்கட்டும். நாளைக்குக் காலையிலயே ஆஸ்பத்திரிக்கு நீயும் கூடப் போ, அவங்க அம்மாவ தனியா அனுப்பிடாத. போயிட்டு வந்ததும் போன் பண்ணு, எழுதினத எனக்கு போட்டோ எடுத்து அனுப்பு, நான் படிச்சுப் பாத்து சொல்றேன்.