பிரைஸ் யங்க பாத்தாவது கத்துக்கோங்க: என்எஃப்எல் டீம் ஓனர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லோட டீம் ஓனர்களுக்கும் ஜெனரல் மேனேஜர்களுக்கும் வணக்கம்.

ஒரே ஒரு விஷயம் கேக்கத்தான் இத எழுதுறேன். காலேஜ்ல ஆடுற 21, 22 வயசு பையன டிராஃப்ட்ல (வருஷா வருஷம் டீமுங்க முறை வெச்சு புது ஆளுங்கள எடுக்கறது) எடுத்து, இவன்தான் இனிமே நம்ம டீமுக்கு எல்லாம்னு கையில ஜெர்சிய குடுத்து போட்டோ எடுத்துட்டு, ரெண்டு சீசன் முடியறதுக்குள்ள இவன் தேறமாட்டான்னு முடிவு கட்டுறத தயவுசெஞ்சு நிறுத்துங்க.

கரோலினா பேந்தர்ஸயே எடுத்துக்குவோம். 2023ல பிரைஸ் யங்ங்குற குவார்ட்டர்பேக்க (பந்த வாங்கி மத்தவங்களுக்கு பாஸ் போடுற ஆள்) மொத ஆளா எடுக்கறதுக்காக சிகாகோ பேர்ஸுக்கு அள்ளிக் குடுத்தாங்க, அந்த வருஷத்து ரெண்டு பிக் (டிராஃப்ட்ல ஆள் எடுக்கற முறை), 2024 மொத ரவுண்டு பிக், 2025 ரெண்டாவது ரவுண்டு பிக், அது போக பாஸ் புடிக்கிற ரிசீவர் டி.ஜே. மூர். புது குவார்ட்டர்பேக் யாருக்கு பந்து போடணுமோ அந்த ரிசீவரையே குடுத்துட்டு குவார்ட்டர்பேக்க வாங்கியிருக்காங்க! அந்த சீசன்ல யங்க 62 தடவ சாக் பண்ணாங்க, அதாவது பாஸ் போடறதுக்குள்ள புடிச்சு கீழ சாய்ச்சாங்க. முன்னாடி நிக்கிற அஞ்சு பேர் தடுத்து நின்னாத்தான் குவார்ட்டர்பேக்கால தலைய நிமித்தி யாரு ஃப்ரீயா ஓடுறாங்கன்னு பாக்கவே முடியும், இவன் ஒயரம் வேற 5 அடி 10 அங்குலம்தான், அந்த அஞ்சு பேரும் சரியில்லன்னா அவன் என்னதான் பண்ணுவான்? 11 மேட்ச்ல கோச் ஃப்ராங்க் ரைக்கையும் தூக்கிட்டீங்க. அவன் ஆடின 16 மேட்ச்ல ரெண்டுதான் ஜெயிச்சது.

2024ல புது கோச் டேவ் கனாலஸ். மொத மேட்ச் செயிண்ட்ஸ்கிட்ட 47-10, அடுத்தது சார்ஜர்ஸ்கிட்ட 26-3, உடனே பெஞ்ச். அலபாமா காலேஜ்ல ஆடி, காலேஜ் ஃபுட்பால்லயே சிறந்த ஆட்டக்காரனுக்கு குடுக்கற ஹைஸ்மன் டிராஃபி வாங்கின பையன் சைடுலைன்ல நிக்கிறான், ஊர்ல இருக்குற எல்லா டிவியும் இவன் கத முடிஞ்சுதுன்னு பேசுது. வெளில வந்து ஒருத்தர் மேலயும் அவன் பழி போடல. எனக்கு அவன் மேல மரியாத வந்தது இங்கதான்.

அக்டோபர்ல, யங்குக்கு பதிலா ஆடின ஆண்டி டால்ட்டனுக்கு கார் ஆக்சிடென்ட்ல கட்டவிரல்ல அடிபட்டுச்சு. வேற ஆள் இல்லாம திரும்ப யங்க எறக்குனாங்க, அப்பவும் அடுத்த வாரம் நீதான்னு உறுதியா சொல்லல. டென்வர்ல தோத்தான். அடுத்து செயிண்ட்ஸ 23-22ல ஜெயிச்சான், அப்புறம் மியூனிக்ல ஜயண்ட்ஸ ஓவர்டைம்ல. நான் மறக்கவே மாட்டேங்குற மேட்ச் சீஃப்ஸ் கூட ஆடினது, 27-19னு பின்னாடி இருக்கறப்போ கடைசி நேரத்துல டீம மொத்தமா நகத்திக் கொண்டுபோய் 27-27 ஆக்கிட்டான், சீஃப்ஸ் கடைசியா ஒதச்ச ஃபீல்டு கோல்ல தோத்தாங்கதான், ஆனா சுத்தி இருந்த பத்து பேரும் இவன நம்பி ஆடுறது அந்த டிரைவ்ல கண்ணால பாத்தோம். ஜனவரில அட்லாண்டாவுல 44-38, மூணு டச்டவுன் பாஸ், ரெண்டு டச்டவுன் தானே ஓடி. 2025 நவம்பர்ல அதே அட்லாண்டாவுல பாஸ்லயே 448 யார்டு, பழைய பேந்தர்ஸ் குவார்ட்டர்பேக் கேம் நியூட்டன் வெச்சிருந்த டீம் ரெக்கார்டு காலி.

இப்ப நேரா கேக்குறேன். டால்ட்டனுக்கு அந்த ஆக்சிடென்ட் நடக்கலன்னா யங்க என்ன பண்ணியிருப்பீங்க? ஏதோ ஒரு பிக்குக்கு யார்கிட்டயாவது தள்ளிவிட்டிருப்பீங்க, ஜெட்ஸ் டீம் அவங்க குவார்ட்டர்பேக் சாம் டார்னால்ட மூணே வருஷத்துல அனுப்பிவிட்ட மாதிரி. அதே டார்னால்டு 2024ல மின்னசோட்டாவுக்கு 14 மேட்ச் ஜெயிச்சு குடுத்தான். நாத்த நட்டுட்டு வேர் புடிச்சுதான்னு தெனம் புடுங்கிப் பாத்தா எது வளரும் சொல்லுங்க.

யங்கோட மன உறுதி அவனோடது, அதுல பாதி பங்கு கேக்காதீங்க. ஆனா 2024ல ராபர்ட் ஹன்ட், டேமியன் லூயிஸ்னு அந்த முன்வரிசையில நிக்கிற ரெண்டு கார்டுகளுக்கு காச கொட்டினீங்க பாருங்க, அது நல்ல வேல, அத ஒரு வருஷம் முன்னாடியே பண்ணியிருக்கணும். சீஃப்ஸோட ஸ்டார் குவார்ட்டர்பேக் மஹோம்ஸே மொத வருஷம் அலெக்ஸ் ஸ்மித் பின்னாடி உக்காந்து ஒரு மேட்ச்தான் ஆடினாரு. கிரீன் பே குவார்ட்டர்பேக் ஜோர்டன் லவ் மூணு வருஷம் காத்திருந்தாரு. தோத்து அசிங்கப்பட்டப்பறம் பெஞ்ச்ல தள்ளாம, கத்துக்கறதுக்குன்னு மொதல்லயே உக்கார வெச்சாங்க.

அடுத்த ஏப்ரல்ல மொத ரவுண்டுல ஒரு குவார்ட்டர்பேக் பேர வாசிக்கறதுக்கு முன்னாடி, அவனுக்கு முன்னாடி நிக்கப்போற அஞ்சு பேரு யாரு, மூணு வருஷத்துக்கு மாறாத கோச் யாருன்னு உங்க ரசிகர்களுக்கு மொதல்ல சொல்லுங்க. சொல்ல முடியலன்னா அந்த வருஷம் முன்வரிசையில தடுத்து நிக்கிற ஒரு டாக்கிள எடுத்துட்டு போங்க.

இப்படிக்கு,
ஞாயித்துக்கெழம தவறாம மேட்ச் பாக்குற ஒரு ரசிகன்