செயலாளர் ஆண்டறிக்கை: நமது பதிவேட்டைத் திருத்திய கதை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. களப்பயணங்கள் மழையால் குறைந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டின் பெரிய வேலை பதிவேட்டைத் திருத்தியதுதான்.

நடுகல், சிலை, கல்வெட்டு எல்லாவற்றையும் எக்செல்லில் ஏற்றி வந்தோம். அதில் ‘இடம்’ என்று ஒரே ஒரு கட்டம். ஒருவர் கல் கிடைத்த வயலை எழுதினார். இன்னொருவர் அது இப்போது நிற்கும் கோயில் வாசலை எழுதினார். ஒரே நடுகல் இரண்டு கற்களாகப் பதிவாகியிருந்தது.

வழி தேடியபோதுதான் சிடாக் சிஆர்எம் என்ற ஆன்டாலஜியைப் படித்தோம். என்னென்ன வகைகள் உண்டு, அவற்றுக்குள் என்னென்ன உறவு என்பதைக் கணினிக்கும் புரியும்படி வரையறுத்து வைப்பதே ஆன்டாலஜி. உலக அருங்காட்சியக அமைப்பான ஐகாமின் ஆவணக் குழு உருவாக்கிய இது, 2006-இல் ஐஎஸ்ஓ 21127 என்ற தரமானது. இதற்கு உயிர் நிகழ்வுதான். தேதியைக் கல்லோடு நேராக ஒட்டக் கூடாது. செதுக்கியது ஒரு நிகழ்வு, கண்டெடுத்தது ஒன்று, நகர்த்தியது இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் அதனதன் இடம், காலம், ஆட்கள்.

ஸ்ரீபுரந்தான் நடராசரை நினைத்துப் பாருங்கள். அரியலூர் மாவட்டக் கோயிலிலிருந்து களவு போனவரை 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் வாங்கியது. 2014-இல் அவர் திரும்பினார். ஊரில்தான் இருந்தார் என்பதற்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் 1994-ஆம் ஆண்டுப் படம் சான்றாக நின்றது. படம் எடுத்ததும் ஒரு நிகழ்வுதானே! நம் பதிவுக்கும் ஒருநாள் சாட்சி சொல்லும் வேலை வரலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது காலத்தைக் கையாளும் விதம். கல்வெட்டின் எழுத்தமைதியை, அதாவது எழுத்துகளின் வடிவத்தை, பார்த்து ‘10-ஆம் நூற்றாண்டு’ என்கிறோம். அது வரம்பு, தேதியல்ல. 901-க்கும் 1000-க்கும் இடையில் என்று அப்படியே எழுதலாம். அப்படிக் கணித்தவர் யார் என்பதையும் சேர்த்தே பதியலாம்; நாளை வேறொருவர் மறுத்தாலும் பழைய கருத்து அழியாது.

பதிவில் எல்லோரும் ஒரே மாதிரி எழுத வேண்டிய வகைப்பெயர்களின் சொற்பட்டியல் இன்னும் முடியவில்லை. நடுகல், வீரக்கல், புலிகுத்திக்கல் ஆகியவற்றில் எது பொதுப்பெயர், எது உள்வகை என்பதில் நமக்குள்ளேயே விவாதம் நடக்கிறது. அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து. அப்புறம், காவல் இல்லாத இடங்களில் உள்ள சிலைகளின் துல்லிய இருப்பிடத்தை வெளியே பகிர்வதில்லை என்று செயற்குழு முடிவு செய்துள்ளது.

மூத்த உறுப்பினர்கள் தங்கள் பழைய களக்குறிப்பேடுகளைத் தந்து உதவ வேண்டும். எந்தக் கல்லை யார், எப்போது, எங்கிருந்து நகர்த்தினார்கள் என்பது அவற்றில்தான் இருக்கிறது.

இவ்வறிக்கையை ஏற்குமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்