தறிக்குடோனில் ஏறுசுவர்

சோமனூர்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் தோட்டத்துக் கிணற்றில் நீர் ஏறியிருக்கும் செய்தி மனத்துக்கு நிறைவாக இருந்தது. இங்கே அனைவரும் நலம். தறிகளை விற்றபின் வெறுமையாகக் கிடந்த குடோனில், பாறையேற்றம் பழகுவதற்காக மகள் அமைத்த ஏறுசுவருக்கு, இப்போது மர வால்யூம்களை நாங்களே செய்துவருகிறோம். பேரனுக்காக நீங்களும் ஒரு சுவர் அமைக்கவிருப்பதால், அதைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

வால்யூம் என்பது சுவரிலிருந்து புடைத்து நிற்கும், உள்ளே கூடான பெரிய மரவடிவம். விரல் மடக்கிப் பற்ற அதில் விளிம்பு இருப்பதில்லை; ஆகவே உள்ளங்கையை அழுத்தி, இடுப்பைச் சுவரோடு நெருக்கி, பாதத்தின் உராய்வை நம்பியே ஏற வேண்டும். தட்டைப் பலகைக்குப் பாறையின் மூலைகளையும் சரிவுகளையும் தருவது இதுதான் என்பதால், சுவரில் முடுக்கும் சிறு பிடிகளை மேலும் மேலும் வாங்குவதைவிட இதற்குச் செலவிடுவதே மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் அட்டையை மடித்து வடிவத்தைச் சுவரில் வைத்துப் பாருங்கள். இரு முகங்கள் 120 பாகையில் சேருமானால், ஒவ்வொரு விளிம்பும் அதில் பாதியான 60 பாகைக்கு அமைய வேண்டும். நேராக நிற்கும் ரம்பம் 90 பாகைக்கு வெட்டுவதால், அதற்கு ரம்பத்தை 30 பாகை சாய்த்தால் போதும். கைரம்ப இயந்திரங்கள் பெரும்பாலும் 45 பாகைக்கு மேல் அதிகம் சாயாதவை. ஆகவே முகங்கள் 90 பாகைக்கும் குறுகிச் சேரும் கூரிய வடிவங்களைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். எங்களுக்கு வாய்த்த ஆசாரி, கோவையில் கணபதிப் பக்கத்து வார்ப்பாலைகளுக்கு மரப் பேட்டர்ன், அதாவது மணலில் அச்சு எடுப்பதற்கான மர மாதிரி, செய்தவர். மணல் அச்சு சிதையாமல் பேட்டர்ன் வெளிவருவதற்காக அதன் பக்கங்களுக்கு நுண்ணிய சாய்வு கொடுத்துப் பழகிய கை அது. சாய்வு வெட்டில் அவருக்கு நாம் சொல்லித்தர எதுவும் இல்லை. இப்படிப்பட்டவர்கள் கோவையில் இருக்கையில் வெளிநாட்டு வால்யூம்களை வரவழைப்பதை என் மனம் ஏற்கவில்லை.

பிளைவுட் 18 மி.மீ. கனமும், ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 303 அல்லது 710 முத்திரையும் உள்ளதாக இருக்கட்டும். பிடிகளை முடுக்குவதற்கான எம்10 டீ-நட்டுகளை (10 மி.மீ. போல்ட்டுக்கான, மரத்தில் பதியும் பற்களுள்ள நட்டுகளை) கூட்டை மூடுவதற்கு முன்பே உட்புறமிருந்து அடித்துவிட வேண்டும். போல்ட் முடுக்கும்போது அவற்றின் பற்கள் மரத்துக்குள் மேலும் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். உள்மூலைகளில் ரீப்பர் வைத்துப் பசையும் திருகாணியும் சேர்த்துப் பிணையுங்கள், ஏனெனில் ஒருவர் தாவிப் பிடிக்கும்போது அவருடைய எடையைவிடக் கூடுதலான விசை அங்கே விழுகிறது. சுவரில் ஒற்றை போல்ட்டில் மட்டும் தொங்கவிட்டால் சுழன்றுவிடும். சுற்றிலும் திருகாணி கட்டாயம் வேண்டும்.

பெயின்டில் சலித்த நுண்மணலைக் கலந்து பூசினால் பிடிப்புக் கிடைக்கும். மணல் பருமனாக இருந்தால் குழந்தைகளின் தோல் உரிந்துவிடும் என்பதால், பேரனுக்கு இரண்டொரு முகங்களை வெறும் மரமாகவே இழைத்து விடலாம்.

சுவரின் சாய்வையும் சட்டங்களின் இடைவெளியையும் அளந்து எழுதுங்கள். அதற்கேற்ப ஆசாரியிடம் அட்டை வடிவங்களை வெட்டி வாங்கி, ஈரோடு வரும்போது கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்