உனக்குப் போட்டதும் மருந்துதான்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஃப்ளு தடுப்பூசி போட்ட இரவே தங்கை கோமதி நூற்றொரு டிகிரி காய்ச்சலில் படுத்துவிட்டதையும், அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து அதே ஊசியைப் போட்டுக்கொண்ட உனக்குக் கைவலிகூட இல்லாததையும் சொல்லி, "எனக்குப் போட்டது மருந்தா, தண்ணீரா?" என்று கேட்டிருக்கிறாய். 2021-இல் நானும் இதையே கேட்டேன்.

அந்த மே மாதம் பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் நானும் என் மனைவியும் கோவிஷீல்டு என்ற கொரோனா தடுப்பூசியைப் போட்டுக்கொண்டோம். ஒரு குப்பியில் பத்துப் பேருக்கான மருந்து இருக்கும். எங்கள் இருவருக்கும் ஒரே குப்பியிலிருந்துதான் எடுத்தார்கள். அன்றிரவு கத்திரி வெயில் காலத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, இரண்டு போர்வைக்குள் நான் பல் கிட்டிக் கிடந்தேன். அவளோ எனக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வாரம் கழித்துப் போட்ட இரண்டாம் தவணையில் எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. அந்த மருந்துக்கு அதுதான் இயல்பு, முதல் தவணைதான் படுத்தும் என்பதும், ஃபைசர் போன்ற எம்ஆர்என்ஏ மருந்துகளில் (வைரஸின் ஒரு புரதத்தைச் செய்யும் குறிப்பை உடலுக்குத் தருபவை) இது தலைகீழ் என்பதும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை.

ஊசி ஏறியதும் உடலில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. அயலான் ஒருவன் நுழைந்துவிட்டான் என்று தசையில் உள்ள காவல் செல்கள் சில மணி நேரத்திலேயே சைட்டோகைன் என்னும் சமிக்ஞைப் புரதங்களை வெளிவிடுகின்றன. அவற்றின் தூண்டுதலால் மூளையின் ஹைப்போதலாமஸ் உடல் வெப்பத்தின் அளவை உயர்த்தி வைப்பதால்தான் நடுக்கமும் காய்ச்சலும் உடம்புவலியும் வருகின்றன. நிணநீர் முடிச்சுகளில், கிருமியைப் பிடித்துத் தடுக்கும் எதிர்ப்பொருள் என்னும் புரதம் உருவாவது இதற்குப் பின் ஒன்றிரண்டு வாரங்கள் ஓசையின்றி நடக்கும் வேலை. முதல் வேலையின் ஆர்ப்பாட்டத்தை வைத்து இரண்டாவதன் தரத்தைக் கணிக்க முடியாது. காய்ச்சல் கண்டவர்களிடம் எதிர்ப்பொருள் சற்றுக் கூடுதலாக இருந்ததாகச் சில ஆய்வுகள் சொல்வது உண்மைதான். ஆனால் ஃபைசரின் பெரிய சோதனையில் இரண்டாம் தவணைக்குப் பின் காய்ச்சல் வந்தவர்கள் 55 வயதுக்கு உட்பட்டோரில் 16 விழுக்காடும் மூத்தோரில் 11 விழுக்காடும்தான். நோய்க்கு எதிராக மருந்து தந்த பாதுகாப்போ ஏறத்தாழ 95 விழுக்காடு. காய்ச்சலே காணாத பெருங்கூட்டத்தையும் அது காத்திருக்கிறது என்பதுதானே இதன் பொருள்?

அந்தக் காவல் செல்களின் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். வயது ஏற ஏற அது தணிகிறது. எழுபதைத் தாண்டிய உனக்கு ஒன்றும் தெரியாததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். பெண்களுக்குப் பொதுவாகவே எதிர்வினை அதிகம். ஈஸ்ட்ரோஜனும், இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் உள்ள நோயெதிர்ப்பு மரபணுக்களும் அதற்குக் காரணம் என்கிறார்கள். (என் வீட்டில் அந்த விதி பொய்த்ததை மனைவி இன்றும் பெருமையாகச் சொல்கிறாள்.) முன்பே கொரோனா வந்து போனவர்களுக்கு முதல் ஊசியே கடுமையாக இருந்தது. என்னையும் தெரியாமல் அது தொட்டுப் போயிருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, சோதித்துப் பார்த்ததில்லை.

இன்னொன்றும் உண்டு. கொரோனா தடுப்பூசிச் சோதனைகள் 12-ஐச் சேர்த்து ஆராய்ந்து 2022-இல் வெளிவந்த கட்டுரையின்படி, மருந்தே இல்லாத போலி ஊசி போட்டுக்கொண்டவர்களிலும் 35 விழுக்காட்டினர் முதல் தவணைக்குப் பின் தலைவலி, அசதி போன்ற ஏதோ ஒன்றைச் சொல்லியிருக்கிறார்கள். ஏதாவது வரும் என்று காத்திருப்பவருக்கு வழக்கமான தலைவலியும் ஊசியின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. இதைக் கோமதியிடம் சொல்லி வம்பில் மாட்டிக்கொள்ளாதே. அசதி எதிர்பார்ப்பினால் வரலாம், தெர்மாமீட்டரில் ஏறிய காய்ச்சல் அப்படி வராது. ஃபைசர் சோதனையில் போலி ஊசிக்காரர்களில் காய்ச்சல் கண்டவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் இல்லை.

அடுத்த முறை ஊசிக்கு முன்பே அவளுக்குப் பாரசிட்டமால் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் என்பேன். ஊசி போட்ட கையோடு பாரசிட்டமால் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்குச் சில எதிர்ப்பொருள்கள் குறைவாக உருவானதாகச் செக் நாட்டு ஆய்வு ஒன்று 2009-இல் காட்டியது. பெரியவர்களுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பது வேறு. காய்ச்சல் வந்த பிறகு கொடுத்தால் போதும். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடவில்லையானால் அதை ஊசியின் தலையில் போடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போ. எனக்கு அடுத்த வியாழன் ஊசி. போர்வையை எடுத்து வைத்தாயிற்று.

என்றும் அன்புடன்,
ராமநாதன்